அப்பா கண்ணால் பார்த்தது

1965 அக்டோபர் 6, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாம்பலால் பல் துலக்கி, நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தேன். வாசலில் சாணம் தெளித்தேன். கடலூர் முதுநகரில் ஒரு மளிகைக் கடைக்காரர் கொடுத்திருந்த தேதிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தினேன். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தேதி கிழிப்பது என் வேலை. எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

இதுவரைக்கும் மற்ற நாட்களைப் போலத்தான். ஆனால் மற்ற நாட்களில் நான் தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது கடற்கரை காலியாக இருக்கும். மரங்கள் எல்லாம் போயிருக்கும். கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். அன்று நாற்பத்தொரு மரங்களும் மணலிலேயே கிடந்தன, ஆறாவது நாளாக. எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் எண்ணினேன்.

என் வயதுக்காரர்களே, சத்தியம் என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லி வளர்ந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். புளியங்கொட்டைக்குச் சத்தியம், பென்சிலுக்குச் சத்தியம். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடுவோம். அந்தச் சொல்லின் எடையை நான் கண்ட நாள் இது. முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதற்கு முந்தைய நாட்களில் இந்த ஒன்று மட்டும் எழுதப்படாமல் நிற்கிறது என்ற உறுத்தல் உண்டு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 30, வியாழக்கிழமை விடியற்காலையில் அப்பாவும் மாமாவும் ஒரே மரத்தில் தொழிலுக்குப் போனார்கள். மாமா என் அம்மாவின் தம்பி. இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். சிரித்தால் மேல் ஈறு தெரியும். சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தலையில் கட்டியிருப்பார். அதன் ஓரத்தில் எனக்கு வேர்க்கடலை முடிந்து கொண்டுவருவார். உப்பும் மீன் வாடையும் சேர்ந்த அந்தக் கடலையின் ருசி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பகல் பத்து மணிக்கு வடகிழக்கே வானம் கறுத்தது. சூறைக்காற்று அடித்து மரம் புரண்டது. பிற்பகலில் வேறொரு மரத்துக்காரர்கள், புரண்ட மரத்தையும் இழுத்துக்கொண்டு, அப்பாவை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் மடியில் மாமாவின் துடுப்பும் அந்தத் துண்டும் இருந்தன.

எங்கள் குப்பத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கடலில் ஒருவர் போய்விட்டால், அவருக்குச் சடங்கு முடியும்வரை ஒரு மரமும் தண்ணீரில் இறங்கக் கூடாது. உடல் கரை ஒதுங்கினால் மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஒதுங்காவிட்டால், கூடப் போனவர் அம்மன் கோயிலில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘அவன் போனதை என் கண்ணால் பார்த்தேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சொல்தான் உடல். அதை வைத்துச் சடங்கு நடக்கும். பெண்டாட்டி தாலியைக் கழற்றுவாள். மறுநாள் மரங்கள் இறங்கும்.

வெள்ளிக்கிழமை மாலை நாட்டார் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். நாட்டார் என்பவர் எங்கள் ஊர்த் தலைவர்.

“பாத்தியாடா?”

“பாக்கல.”

“ஒரே மரத்துல போனீங்க. எப்பிடிடா பாக்காம இருப்ப?”

“துடுப்ப பாத்தேன். துண்ட பாத்தேன். அவன் போனத பாக்கல.”

சனிக்கிழமை கேட்டார். திங்கட்கிழமை கேட்டார். பதில் மாறவில்லை. நீரின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் இருக்கும் இடத்தைச் சொல்வதில் அப்பா பேர் போனவர். அதையே பிடித்துக்கொண்டார் ஊரின் வாயாடி ஒருவர். “முப்பது பாக ஆழத்துக்குக் கீழ இருக்கிற மத்தி மீனு தெரியும் இவனுக்கு. பக்கத்துல இருந்த மச்சான் தெரியல!” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பசி இருந்தது. கூழ் ஒவ்வொரு நாளும் நீர்த்துக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் எங்கள் பக்கத்து வீட்டில் குச்சிக் கிழங்கின் தோலையும் சேர்த்து வேகவைத்தார்கள்.

என்னோடு மணலில் விளையாடும் பெண் காதோடு சொன்னாள். “ஒங்கப்பாதான் தள்ளி வுட்டுச்சாம். அதான் சத்தியம் பண்ண பயப்புடுதாம்.” நான் அவளை அடித்தேன். அடித்த பிறகு, அப்படியும் இருக்குமோ என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். “ஒரே ஒரு வார்த்த. பாத்தேன்னு சொல்லிடு. என் தம்பி கரையேறிடுவான். ஊரு கஞ்சி குடிக்கும். ஆத்தாளுக்குத் தெரியாதா? அவ கோச்சிக்க மாட்டா.”

“அவளுக்குத் தெரியும். அதான் சொல்ல முடியல,” என்றார் அப்பா.

அன்று நான் அம்மா பக்கம். இத்தனை பேர் பசியாற ஒரு பொய் சொன்னால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. நாட்டாரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். அதுவும் தப்புக் கணக்கு. அந்த ஆறு நாளில் அவர் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணைந்தது, இருந்த கேழ்வரகைப் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வந்த கருவாட்டுக்காரி ஒரு சேதி சொன்னாள். கரை ஒதுங்கின ஆள் ஒருவர் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிறாராம். பெயர் தெரியவில்லையாம்.

நாட்டார் அப்பாவிடம் வந்தார். “போய்ப் பாத்துட்டு வா. அவனா இருந்தா ஆத்தாளுக்குப் பொங்க வெக்கிறோம். இல்லேன்னா நாளைக்குப் பொழுது சாயறப்ப கோயிலுக்கு வந்து கற்பூரத்த அடி. இதான் கடைசி. மாட்டேன்னா ஒன் மரம் இந்தக் கரையில இருக்காது, ஆமா.”

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை அப்பா, அத்தை, நான் மூவரும் ரயிலேறினோம். அத்தை மாமாவின் பெண்டாட்டி. என் அப்பாவை ‘அண்ணே’ என்று கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் வேண்டும் என்பதற்காக என்னை அழைத்துக்கொண்டார்கள். அத்தை மாமாவின் வெள்ளைச் சட்டை ஒன்றைத் துவைத்து மடித்து மடியில் வைத்திருந்தாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நான் ஒவ்வொரு பலகையாக உரக்கப் படித்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. அத்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிமுகம் பக்கமே பார்த்தாள். அவள் கன்னத்தில் கரித்தூள் படிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பினாயில் வாடை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் படித்தேன். பெயர் தெரியாதவர், ஆண். வயது சுமார் அறுபது. நான் ‘அறுபது’ என்று படிப்பதற்கு முன்பே, போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்து அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. விலகியிருந்த போர்வையை அந்தப் பெரியவரின் கால் மேல் இழுத்துவிட்டாள். சட்டையை மறுபடி மடியில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் வண்டிக்கு மூன்று மணி நேரம் இருந்தது. “கோயிலுக்குப் போய்ட்டுப் போலாம் அண்ணே,” என்றாள் அத்தை. கீழவீதி வழியாகப் போனோம். கடலுக்கு வெளியே நான் பார்த்த முதல் பெரிய பொருள் அந்தக் கோபுரம். தலையை எவ்வளவு சாய்த்தும் முழுதாகக் கண்ணில் அடங்கவில்லை.

உச்சிகாலம். சன்னதியில் கூட்டம். கூத்தாடும் சாமிக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால்தான் ரகசியம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார்கள். நான் அப்பாவின் இடுப்பில் ஏறிக்கொண்டேன். தீட்சிதர் திரையை விலக்கித் தீபத்தைக் காட்டினார். மணி அடித்தது.

தங்க இலைகள் சரம் சரமாகத் தொங்கின. தீபத்தில் மினுங்கின. அவற்றுக்குப் பின்னால் சுவர்.

“தெரியறது, தெரியறது!” என்று எங்களுக்கு முன்னால் நின்ற மாமி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் முழுக்க அதையே சொன்னது. நானும் சொன்னேன், “தெரியுது, தெரியுது!” என்று. என்ன தெரிந்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

திரையை மூடிவிட்டு விபூதித் தட்டோடு வந்த தீட்சிதர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா மட்டும் வாயைத் திறக்காமல் நின்றது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். “என்னப்பா, தெரிஞ்சுதா?”

“தங்க எல தெரிஞ்சிதுங்க சாமி. அதுக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியல.”

மாமி திரும்பிப் பார்த்தாள். “எல்லாருக்கும் தெரிஞ்சுடுமா? குடுத்து வெச்சிருக்கணும்.”

தீட்சிதர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு மாமியிடம், “அங்கே அவ்வளவுதான் இருக்கு. சரியாப் பார்த்திருக்கான்,” என்றார். அப்பாவின் கையில் விபூதியை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஆறு நாளாக அப்பாவைக் கரையேற விடாமல் அடித்த வார்த்தை அது. ‘ஒன்றும் தெரியவில்லை.’ அதே வார்த்தையை அத்தனை பெரிய கோபுரத்துக்கு உள்ளே, அத்தனை விளக்குகளுக்கு நடுவே சொன்னபோது கடவுள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். அப்பாவின் இடுப்பிலிருந்து அவசரமாக இறங்கினேன். தெரியுது என்று கூவிய வாயோடு அவர் மேல் உட்கார்ந்திருக்கக் கூசியது.

அப்பா சிவகங்கைக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தார். விபூதியைப் பூசிக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தையிடம், “சாயங்காலம் நான் சத்தியம் பண்றேன் தங்கச்சி,” என்றார். அத்தையின் கை தன்னையறியாமல் கழுத்துத் தாலிக்குப் போனது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அம்மன் கோயில் முன்னால் ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. தாலியறுப்புக்கு வேண்டியதை எல்லாம் பெண்கள் ஒரு முறத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் வெள்ளைப் புடவை ஒன்று இருந்தது. அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள். கடல் காற்றில் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது.

“பாத்தத சொல்லிட்டு அடி,” என்றார் நாட்டார்.

அப்பா உரக்கப் பேசுகிறவர் அல்ல. அன்று கடைசி வரிசைக்கும் கேட்டது.

“மரம் பொரண்டுச்சி. வல என் காலச் சுத்திக்கிச்சி. நான் குனிஞ்சி அத அறுத்துக்கினு இருந்தேன். அவன் என் முதுகுப் பக்கம். ஒரு தபா ‘மச்சான்’னு கூப்புட்டான். நான் ‘இருடா’ன்னேன். திரும்பிப் பாக்கல. வலய அறுத்துட்டுத் திரும்புனேன். துடுப்பு தெரிஞ்சிது, துண்டு தெரிஞ்சிது. ஆளு தெரியல. அவன் போனத நான் பாக்கல. கூப்புட்டப்ப திரும்பல. இது ஆத்தா மேல சத்தியம்.”

உள்ளங்கையால் சுடரை அடித்தார். கற்பூரம் அணைந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

ஆறு நாளாக அப்பா எங்களிடம் சொன்னதெல்லாம் மெய்தான். ஆனால் பாதியை வைத்துக்கொண்டிருந்தார். ‘இருடா’ என்ற சொல்லை எங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அம்மாவிடம்கூட.

முதலில் எழுந்தது அம்மாதான். “இருன்னியா? என் தம்பிய இருன்னியா நீ?” என்று அப்பாவின் ஈர முதுகில் கையை மடக்கிக் குத்தினாள். ஒரு தடவை. இரண்டாவது தடவைக்கு ஓங்கிய கை அப்படியே தளர்ந்து, அந்த முதுகிலேயே நெற்றியை வைத்து அழுதாள். அப்பா அசையவில்லை.

அத்தை முன்னால் வந்தாள். அன்றுவரை பெண்கள் யாரும் அந்த இடத்தில் நின்று பேசியதில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

“கூப்புட்டாரா அண்ணே?”

“கூப்புட்டான்.”

“பயந்து கூப்புட்டாரா?”

அப்பா யோசித்தார். எல்லோர் முன்னாலும் கண்ணை மூடி, அந்தக் குரலை மறுபடியும் கேட்டுப் பார்ப்பதைப் போல நின்றார். “இல்ல தங்கச்சி. சோத்துக்குக் கூப்புடுற மாதிரி கூப்புட்டான். பயம் இல்ல.”

அத்தையின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஆறு நாளாக விறைத்துக் கிடந்த தோள். இதையே வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று தள்ளியிருப்பாள். தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட அதே வாயிலிருந்து வந்ததால் அதை நம்பினாள். ஒரு மனிதர் நம்பி வாழ்வதற்கு வேண்டியதை இன்னொரு மனிதரின் வாயிலிருந்து இப்படி வாங்கிக்கொள்ள முடியும் என்று அன்று கண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோயில்களில் நின்றிருக்கிறேன். அந்த மணலில் இருந்ததைப் போல எனக்குக் கை தானாகக் குவிந்ததில்லை.

நாட்டார் அத்தையிடம் திரும்பினார். “போனத பாத்தேன்னு சொன்னாத்தான் சடங்கு. இவன் பாக்கலன்னே சத்தியம் பண்ணிட்டான். இப்ப நான் என்னா பண்றது? நீதாம்மா சொல்லணும்.”

“அண்ணன் பாக்காதத வெச்சி நான் தாலியக் கழட்ட மாட்டேன்,” என்றாள் அத்தை. முறத்திலிருந்த வெள்ளைப் புடவையை எடுத்து மடித்து, கொண்டுவந்தவளிடமே கொடுத்தாள். “எனக்காக ஊரு காத்துக்கினு இருக்க வேணாம். புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க. நாளைக்கு மரம் எறங்கட்டும்.”

“வழக்கம் இல்லியேம்மா.”

“இந்த மாதிரி சத்தியமும் வழக்கம் இல்ல நாட்டாரே.”

நாட்டார் அம்மனைப் பார்த்தார். பிறகு குனிந்து, அப்பாவின் கைக்கு அடியிலிருந்து கருகிய வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஆத்தா முன்னாடி சொன்னது. ஊரு ஏத்துக்குது,” என்றார். கூட்டம் கலைந்தது.

மாமா திரும்பி வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அத்தை தாலியைக் கழற்றவும் இல்லை. அவள் அப்படிக் காத்திருந்ததற்கு அப்பாவின் மெய்தான் காரணம் என்று என் அம்மா பல வருடங்கள் கழித்துச் சொன்னாள். அதில் நியாயம் உண்டு. அந்தத் துடுப்பு எங்கள் வீட்டில் வெகு காலம் இருந்தது. கரையானுக்கு இரையாயிற்று. அன்றைய தேதித்தாளைக் கம்பியிலிருந்து எடுத்துத் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அது ஒரு வெள்ளத்தில் புத்தகத்தோடு போயிற்று. மறக்காமல் இருப்பது இவ்வளவுதான். இன்னும் ஒன்று மட்டும் எழுத வேண்டும்.

அக்டோபர் 7, வியாழக்கிழமை. விடியும் நேரம். ஆண்கள் எல்லோரும் மரங்களின் பக்கத்தில் நின்றார்கள். யாரும் முதலில் தள்ளத் துணியவில்லை. ஆள் தொலைந்த வீட்டுப் பெண் தொழிலுக்குப் போகிறவர்கள் எதிரில் வரக் கூடாது என்பது வழக்கம். அத்தை நேராக வந்தாள், அந்த நாற்பத்தொரு மரங்களுக்கும் நடுவில். அப்பாவிடம் நின்றாள்.

“அண்ணே, என்ன தெரியுது?”

அப்பா கையை நெற்றிக்குக் கொடுத்துக் கடலைப் பார்த்தார். உள்ளங்கையின் நடுவில் கற்பூரம் சுட்ட இடம் கறுத்திருந்தது. வடக்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார். தெற்கே வெகுநேரம் பார்த்தார். ஊர் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது.

“தண்ணி தெரியுது. தெக்கால பறவ ரெண்டு தெரியுது. ஆளு யாரும் தெரியல தங்கச்சி.”

“சரி அண்ணே,” என்றாள். திரும்பி நடந்தாள். சற்று நேரத்தில், ஆறு நாளாகப் புகையாத அவள் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மரங்களைத் தள்ளினார்கள்.